பேட்டரி ரீகால் உள்ள பழைய மின்சாரக் காரை வாங்குவது எப்படி: தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மிட்ராண்ட், சென்சூரியன், டர்பன் பக்கம் நம் ஆட்கள் பலர் இப்போது பழைய மின்சாரக் கார்களைத் தேடுகிறார்கள். புதிதாக வாங்கியபோது இருந்த விலையில் பாதிக்கும் கீழே சில கார்கள் விற்பனைக்கு வருகின்றன. அப்படி மலிவாக வருவதில் சிலவற்றின் மேல் பேட்டரி ரீகால் இருக்கிறது, அதாவது பேட்டரியில் குறை இருப்பதால் சரிசெய்ய வேண்டும் என்று தயாரிப்பாளரே அறிவித்து வண்டியைத் திரும்ப அழைப்பது. நண்பர்களுக்காகவும் உறவினர்களுக்காகவும் நானே கூடப் போய் ஏழெட்டுக் கார்களைப் பார்த்து, சிலவற்றை வாங்கி, சிலவற்றை வேண்டாம் என்று விட்டு வந்திருக்கிறேன். தடுக்கி விழுந்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் விழுந்தார்கள். முதலில் காரை ஓட்டிப் பார்த்தார்கள், பிடித்துப்போனது, முன்பணம் கொடுத்தார்கள். ரீகால் என்ன என்று அதற்கு அப்புறம்தான் கேட்டார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி வராது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க்கின் தெளிவான படம். பதிவுச் சான்றிதழின் படம். விற்பவரின் மின்னஞ்சல் முகவரி. வாட்ஸ்அப் மட்டும் போதாது. உங்கள் காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்தில் பதில் தரும் ஒருவர். அடுக்குமாடியிலோ காம்ப்ளெக்ஸிலோ குடியிருந்தால் பாடி கார்ப்பரேட் (வீட்டு உரிமையாளர்கள் சங்கம்) விதிகளின் பிரதி. அப்புறம், இரண்டு வாரப் பொறுமை. "இன்னொருவர் நாளைக்கே பணத்தோடு வருகிறார்" என்று விற்பவர் சொன்னால், அந்தக் காரை அந்த இன்னொருவருக்கே விட்டுவிடுங்கள்.

1. காரைப் பார்க்கும் முன் சேசிஸ் நம்பரை வாங்குங்கள்

ரீகால் என்பது மாடலுக்கு வருவதாகச் செய்தியில் படிக்கிறோம். உண்மையில் அது குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட பேட்டரி பொருத்திய கார்களுக்கு வருகிறது. உதாரணத்துக்கு வோல்வோ இஎக்ஸ்30. அதில் 51 யூனிட் பேட்டரியும் உண்டு, 69 யூனிட் பேட்டரியும் உண்டு. இரண்டின் உள்ளே இருக்கும் ரசாயனமே வேறு. பேட்டரி சூடேறும் ஆபத்துக்காக, 70 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் செய்ய வேண்டாம் என்று உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்டது 69 யூனிட் பேட்டரி உள்ள கார்களுக்குத்தான். வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே கார் மாதிரிதான் இருக்கும்.

அதனால் 17 எழுத்து கொண்ட சேசிஸ் நம்பர் இல்லாமல் எந்தப் பேச்சும் வேண்டாம். டிஸ்க்கில் இருப்பதும், பதிவுச் சான்றிதழில் இருப்பதும், கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டு ஓரத்தில் பொறித்திருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு தம்பி மங்கலான படத்தைப் பார்த்து 8 என்று இருந்ததை 'பி' என்று தட்டச்சு செய்துவிட்டார். "இந்த நம்பருக்கு ரீகால் இல்லை" என்று பதில் வந்ததும் சந்தோஷப்பட்டார். அப்படி ஒரு காரே இல்லை என்பதுதான் அந்தப் பதிலின் அர்த்தம். சேசிஸ் நம்பரில் ஆங்கில 'ஐ', 'ஓ', 'கியூ' மூன்றும் வரவே வராது. வட்டமாகத் தெரிந்தால் அது பூஜ்யம், ஒற்றைக் கோடாகத் தெரிந்தால் அது ஒன்று.

பதிவான ஆண்டை வைத்தும் முடிவு கட்டாதீர்கள். 2019 கடைசியில் தயாரான கார் ஷோரூமில் காத்திருந்து 2020 நடுவில் பதிவாகியிருக்கலாம். ரீகால் பார்ப்பது தயாரான தேதியை.

2. எத்தனை ரீகால், எந்த நிலை என்று எழுத்தில் கேளுங்கள்

தேசிய நுகர்வோர் ஆணையம் இந்த நாட்டில் வரும் ரீகால் அறிவிப்புகளை வெளியிடுகிறது. அங்கிருந்து தொடங்கலாம், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. அந்த அறிவிப்பு மாடலையும் காலத்தையும் சொல்லும். உங்கள் முன்னால் நிற்கும் காருக்கு வேலை முடிந்ததா என்பதைத் தயாரிப்பாளரின் அங்கீகரிக்கப்பட்ட டீலர்தான் சொல்ல முடியும்.

இங்கே நான் அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று உண்டு. இணையத்தில் தேடி, அமெரிக்க அரசின் ரீகால் தேடல் பக்கத்தில் நம்பரைப் போடுகிறார்கள். அது அமெரிக்காவில் விற்ற கார்களுக்கானது. தென்னாப்பிரிக்காவில் விற்ற காருக்கு அங்கே ஒன்றும் வராது. ஒன்றும் வராததை 'பிரச்சினை இல்லை' என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் டீலர் சர்வீஸ் விவரம் தர மாட்டார். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டுவார்கள். அது நியாயம்தான். எனவே விற்பவரையே டீலருக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லி, உங்களையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். கேட்க வேண்டியவை இவைதான்: இந்த நம்பருக்கு இதுவரை வந்த ரீகால்கள் எத்தனை, ஒவ்வொன்றின் எண் என்ன, எது எந்தத் தேதியில் முடிந்தது, எது பாக்கி, பாக்கி இருப்பதற்கு உதிரி எப்போது வரும்.

இந்த மின்னஞ்சலை அனுப்ப மறுக்கும் விற்பவரிடம் வாங்காதீர்கள். இது ஐந்து நிமிட வேலை. மறுப்பதற்கு நல்ல காரணம் ஒன்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

3. "ரீகால் முடிந்தது" என்றால் எது முடிந்தது?

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பணம் போவது இங்கேதான்.

பேட்டரி ரீகாலில் 'வேலை' என்பது நான்கு வகைப்படும். முதல் வகை வெறும் அறிவுரை: இவ்வளவுக்கு மேல் சார்ஜ் செய்யாதே, வீட்டை ஒட்டி நிறுத்தாதே. இரண்டாவது, மென்பொருள் வைத்துச் சார்ஜைக் கட்டுப்படுத்துவது. மூன்றாவது, பேட்டரியைக் கண்காணித்துக் கோளாறின் அறிகுறி தெரிந்தால் எச்சரிக்கும் மென்பொருள். நான்காவது, மாட்யூலையோ (பேட்டரிக்குள் பல செல்கள் சேர்ந்த ஒரு தொகுதி) முழு பேட்டரியையோ மாற்றுவது. டீலரின் கணினியில் இவற்றில் எது நடந்திருந்தாலும் 'முடிந்தது' என்றே காட்டலாம்.

ஒரே காருக்கு இவை ஒன்றன் பின் ஒன்றாகவும் வரும். ஹூண்டாய் கோனாவுக்கு 2020 அக்டோபரில் மென்பொருள் திருத்தம் வந்தது. அதைச் செய்த பிறகும் தீப்பிடித்ததால், 2021 பிப்ரவரியில் உலகம் முழுக்கச் சுமார் 82,000 வண்டிகளுக்கு (கோனாவோடு அயோனிக்கும் சில பேருந்துகளும் சேர்த்து) பேட்டரியையே மாற்றுவதாக அறிவித்தார்கள். ஷெவர்லே போல்ட்டிலும் இதே கதைதான். முதலில் 90 சதவீத வரம்பு, பிறகு மாட்யூல் மாற்றம். ஜாகுவார் ஐ-பேஸுக்கு அமெரிக்காவில் 2023-ல் கண்காணிப்பு மென்பொருளோடு ரீகால் வந்தது. 2024-ல் 2019 மாடல் கார்கள் சிலவற்றுக்கு 80 சதவீத வரம்போடு மறுபடியும் வந்தது. 'முடிந்தது' என்று உங்களிடம் காட்டப்படும் காகிதம் முதல் ரீகாலுக்கானதாக இருக்கலாம். இரண்டாவது இன்னும் திறந்தே கிடக்கலாம். மேலே ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

இன்னொரு குழப்பம்: "பேட்டரி ஆரோக்கியம் 94 சதவீதம் காட்டுகிறது, பிறகென்ன?" என்பார்கள். இரண்டும் வேறு விஷயம். ஆரோக்கிய சதவீதம் பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. ரீகால் வருவது தயாரிப்புக் குறைக்காக. கோனாவில் சில செல்களின் உள்ளே எதிர்மின்வாய்த் தகட்டின் முனை மடிந்திருந்தது. அந்த இடத்தில் லித்தியம் படிந்து எதிர்ப்பக்கத் தகட்டைத் தொட்டால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். ஒரே ஒரு செல்லில் மடிந்திருந்தாலும் மொத்த பேட்டரி நன்றாகவே வேலை செய்யும், சதவீதமும் நன்றாகவே காட்டும். ஓபிடி கருவியை (காரின் கணினித் தகவலைப் படிக்கும் சின்னக் கருவி) காரில் செருகிக் கைபேசியில் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பேட்டரி மாற்றிய கார் என்றால் மூன்று விஷயங்களைக் காகிதத்தில் பாருங்கள்: மாற்றிய தேதி, புதிய பேட்டரியின் வரிசை எண், அதற்கான உத்தரவாதம் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது. பேட்டரிக்குப் பெரும்பாலும் 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள். அது கார் முதன்முதலில் பதிவான நாளிலிருந்து ஓடும். 2019 காருக்கு 2027-ல் முடிந்துவிடும். மாற்றிய பேட்டரிக்குப் புதிதாகத் தொடங்குகிறதா, பழையதன் மிச்சம்தானா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஊகிக்காமல் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், பேட்டரி மாற்றிய காரை ரீகாலே வராத அதே வயதுக் காரைவிட விரும்பி வாங்குவேன். வரம்பு மட்டும் போட்ட காரை விலை நன்றாக இறங்கினால் மட்டும். அறிவுரை மட்டும் இருந்து, உதிரி வரும் தேதியும் தெரியாத காரை வாங்க மாட்டேன்.

4. விலை பேசும் முன் காப்பீடும் பார்க்கிங்கும்

கார் வாங்கிய பிறகு காப்பீடு என்பதுதான் நம் பழக்கம். இந்த வகைக் காரில் அது தலைகீழாக நடக்க வேண்டும்.

இங்கே காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, இரவில் கார் எங்கே நிற்கும் என்பது. பூட்டிய கராஜ் என்று சொன்னால் பிரீமியம் குறையும், நாமும் அப்படித்தான் சொல்வோம். ஆனால் பேட்டரி ரீகாலில் வரும் அறிவுரை பெரும்பாலும் 'கட்டடத்தை விட்டுத் தள்ளி வெளியே நிறுத்துங்கள்' என்பதுதான். அறிவுரையைக் கேட்டு வெளியே நிறுத்தினால் பாலிசியில் சொன்னதற்கு மாறாகிவிடும். கராஜில் நிறுத்தினால் தயாரிப்பாளரின் எச்சரிக்கையை மீறியதாகிவிடும். திருட்டுப் போனாலும் சரி, தீப்பிடித்தாலும் சரி, உங்கள் கோரிக்கைக்கு எதிராக ஒரு காகிதம் இருக்கும். ஜோகன்னஸ்பர்க் பக்கம் கோடையில் பிற்பகல் ஆலங்கட்டி மழை வேறு இருக்கிறது. ஒரு மழையில் கூரையும் பானெட்டும் முழுக்கப் பள்ளம் விழுந்த கார்களைப் பார்த்திருப்பீர்கள்.

எனவே சேசிஸ் நம்பரையும் ரீகால் எண்ணையும் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள்: இந்த ரீகால் திறந்திருக்கிறது, அதன் அறிவுரை இது, அதன்படி இங்கே நிறுத்துவேன், இதற்குக் காப்பு உண்டா? 'உண்டு' என்ற பதில் எழுத்தில் வரும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். தொலைபேசியில் சரி என்று சொன்னது, கோரிக்கை வைக்கும் நாளில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அடுக்குமாடியில் நிலத்தடி பார்க்கிங் என்றால் பாடி கார்ப்பரேட்டையும் கேட்டுவிடுங்கள். மிட்ராண்டில் ஒரு குடும்பம் காரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான், கீழ்த்தளத்தில் இந்தக் காரை நிறுத்த அனுமதி இல்லை என்று டிரஸ்டிகள் சொல்லிவிட்டார்கள். விருந்தினர் பார்க்கிங்கில் நிறுத்தலாம், ஆனால் அங்கே சார்ஜர் இல்லை. அந்த அக்கா நான்கு மாதம், வாரத்துக்கு இரண்டு மாலை, மாலில் உட்கார்ந்து சார்ஜ் செய்தார்.

5. இப்போது காரைப் பாருங்கள், 100 சதவீதம் வரை சார்ஜ் செய்து பாருங்கள்

நேரில் பார்க்கப் போகும்போது காரை 60 சதவீதம் அளவில் வைத்திருக்கச் சொல்லுங்கள். முழு சார்ஜில் நிற்கும் காரிலும் காலியான காரிலும் ஒன்றும் தெரியாது.

ஓட்டிப் பார்ப்பது பத்து நிமிடம் போதும். மீதி நேரத்தைச் சார்ஜரில் செலவிடுங்கள். ஒருமுறை நாங்கள் ஒரு மாலின் மேல்தளப் பார்க்கிங்கில் காரைச் செருகிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றோம். 78, 79 என்று ஏறி 80-ஐத் தொட்டதும், காருக்கு அடியிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். சார்ஜர் திரையில் கிலோவாட் எண் பூஜ்யத்துக்கு இறங்கியது. "சார்ஜர் கோளாறு" என்றார் விற்பவர். பக்கத்துச் சார்ஜருக்கு மாற்றினோம், கார் மின்சாரத்தை வாங்கவே இல்லை. காரின் அமைப்பில் சார்ஜ் வரம்பு 100 என்றுதான் இருந்தது. மென்பொருள் வரம்பு இருக்கிறது என்பது அப்போதுதான் உறுதியானது. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. தினமும் வீட்டில் 80 வரை மட்டுமே சார்ஜ் செய்தவருக்கு அது தெரியாமலே இருந்திருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. சார்ஜை இவ்வளவோடு நிறுத்துங்கள் என்ற அறிவுரை இன்னும் அமலில் உள்ள காரில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. டீலரின் எழுத்துப் பதில் கையில் இருந்தால் எந்தக் காரில் செய்யலாம் என்று உங்களுக்கே தெரியும்.

ஓபிடி கருவி இருந்தால், கார் அரை மணி நேரம் ஓய்வில் நின்ற பிறகு செல்களின் வோல்ட்டேஜைப் பாருங்கள். மிக உயர்ந்த செல்லுக்கும் மிகத் தாழ்ந்த செல்லுக்கும் இடைவெளி 0.02, 0.03 வோல்ட் என்றால் நான் கவலைப்படுவதில்லை. 0.1 வோல்ட் என்றால் டீலரிடம் காட்டாமல் பேச்சைத் தொடர மாட்டேன். இது என் சொந்தக் கணக்கு. ரீகால் குறையை இது காட்டாது என்பதையும் மறக்காதீர்கள்.

பல நாள் ஓடாமல் நின்ற காரில் திரை முழுக்க எச்சரிக்கைகள் வந்தால் உடனே பயப்பட வேண்டாம். 12 வோல்ட் சின்ன பேட்டரி வடிந்திருக்கலாம். கார் இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கர் பொருத்திய கார்களில் இது சகஜம். அதைச் சரிசெய்த பிறகு மறுபடி வந்து பாருங்கள்.

6. விலையை வரம்போடு சேர்த்துக் கணக்கிடுங்கள்

ஐ-பேஸை எடுத்துக்கொள்வோம். ஆய்வகக் கணக்கில் ஒரு முழு சார்ஜுக்கு 470 கிலோமீட்டர். 80 சதவீத வரம்பு இருந்து, கீழே 10 சதவீதத்தைக் கையிருப்பாக விட்டால் கிடைப்பது 70 சதவீதம், அதாவது 329. அதுவும் ஆய்வகத்தில்தான். நெடுஞ்சாலையில் மணிக்கு 120 கிலோமீட்டரில் போனால் இன்னும் குறையும்.

ஊருக்குள் ஓட்டுபவருக்கு இது பெரிய இழப்பு இல்லை. வேகச் சார்ஜரில் எப்படியும் 80-க்கு மேல் யாரும் காத்திருப்பதில்லை. அடி வாங்குவது நீண்ட பயணத்தின் முதல் கட்டம்தான். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் என்3 நெடுஞ்சாலை வழியாக 570 கிலோமீட்டர் போல வரும். கடல் மட்டத்திலிருந்து கிளம்பி வான் ரீனன் கணவாய் ஏறி மேட்டு நிலத்துக்கு வர வேண்டும். முழு சார்ஜில் ஹாரிஸ்மித் வரை நிம்மதியாக வரும் காரை, வரம்போடு ஓட்டினால் இடையில் ஒரு நிறுத்தம் கூடலாம். பண்டிகைக் கூட்டத்தில் அந்த ஒரு நிறுத்தம் ஒரு மணி நேரமாகவும் ஆகும். மாதம் ஒருமுறை டர்பன் போகிறவரும், வருடம் ஒருமுறை போகிறவரும் ஒரே விலை கொடுக்கக் கூடாது.

7. ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய வரிகள்

டீலரிடம் வாங்குவதும் தனியாரிடம் வாங்குவதும் சட்டத்தின் முன் இரண்டு வேறு விஷயங்கள்.

டீலரிடம் வாங்கினால் 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு உண்டு. அதன் 55, 56-ஆம் பிரிவுகளின்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுது நீக்கவோ மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். பழைய காருக்கும் இது பொருந்தும். ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. "சார்ஜ் 80 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது, வாங்குபவர் அறிந்து ஏற்கிறார்" என்பது போல ஒரு குறையைக் குறிப்பாகச் சொல்லி உங்கள் கையெழுத்தை வாங்கினால், அந்தக் குறைக்கு நீங்கள் பிறகு வாதாட முடியாது. சின்ன எழுத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விலையிலும் அது தெரிய வேண்டும். டீலர் இழுத்தடித்தால் மோட்டார் தொழில்துறை ஆம்பட்ஸ்மனிடம் (புகார்களை விசாரிக்கும் நடுவர்) முறையிடலாம்.

தனியாரிடம் வாங்கினால் அந்தச் சட்டம் வராது. ஒப்பந்தத்தில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்ற சொல் இருக்கும்: இருக்கிற நிலையில் எடுத்துக்கொள் என்று பொருள். அந்தச் சொல் விற்பவரைக் காப்பாற்றாத முக்கியமான இடம், அவர் ஒரு குறையைத் தெரிந்தே மறைத்தது. அதனால்தான் மின்னஞ்சலில் நேரடியாகக் கேளுங்கள்: "இந்தக் காருக்கு முடியாத பேட்டரி ரீகால் ஏதும் இருப்பது உங்களுக்குத் தெரியுமா?" 'இல்லை' என்று பதில் எழுதினால் அது பிற்பாடு உங்கள் சான்று. பதில் வரவில்லை என்றால் அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரீகால் வேலை பாக்கி என்றால் விற்பனையை அதோடு கட்டிவிடுங்கள்: இன்ன தேதிக்குள் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் இன்ன எண் ரீகால் வேலை முடிந்து, முடித்த காகிதம் கைக்கு வந்தால்தான் விற்பனை நிறைவேறும், இல்லையென்றால் முன்பணம் முழுதும் திரும்பும். ரீகால் வேலைக்குக் கட்டணம் கிடையாது. எத்தனையாவது சொந்தக்காரர் என்பதும் தடை இல்லை.

8. பணமும் பெயர் மாற்றமும்

வங்கிக் கடன் பாக்கி உள்ள காரில் பதிவுச் சான்றிதழின் உரிமைப் பெயர் வங்கியுடையது. விற்பவரிடம் முழுப் பணத்தையும் கொடுக்காமல், வங்கியிடம் செட்டில்மென்ட் கடிதம் (கடனை முடிக்க எவ்வளவு பாக்கி என்று சொல்லும் கடிதம்) வாங்கி அந்தத் தொகையை வங்கிக்கே நேராகச் செலுத்துங்கள்.

விற்பவர் என்.சி.ஓ. படிவம் (உரிமை மாற்ற அறிவிப்பு) கொடுக்க வேண்டும். நீங்கள் ஆர்.எல்.வி. படிவத்தோடு (பதிவுக்கான விண்ணப்பம்) 21 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். சாலையில் ஓடத் தகுதி உண்டு என்ற ரோட்வொர்த்தி சான்றிதழும் தேவை. அந்தச் சோதனை பிரேக், விளக்கு, டயர், ஸ்டீயரிங் பார்க்கும். பேட்டரியைப் பார்க்காது, ரீகாலையும் பார்க்காது. 'ரோட்வொர்த்தி புதுசா எடுத்திருக்கு' என்று சொல்வதை பேட்டரிக்கான நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

9. வீட்டுக்கு வந்த முதல் வாரம்

பெயர் மாறியதும், காரின் புதிய சொந்தக்காரர் நீங்கள் என்று தயாரிப்பாளரின் உள்ளூர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். பெயர், சேசிஸ் நம்பர், மின்னஞ்சல், கைபேசி எண் போதும். அடுத்த ரீகால் கடிதம் பழைய சொந்தக்காரரின் முகவரிக்குப் போவதுதான் வழக்கம். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார். காரோடு வந்த செயலியில் பழைய கணக்கை நீக்கச் சொல்லி உங்கள் கணக்கைச் சேருங்கள். சில எச்சரிக்கைகள் முதலில் அங்கேதான் வரும்.

வீட்டில் சுவர்ச் சார்ஜர் பொருத்தினால் பதிவுபெற்ற மின்பணியாளரிடமிருந்து சி.ஓ.சி. (மின் இணைப்பு விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழ்) வாங்குங்கள். சோலார் இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில், சார்ஜரை இன்வெர்ட்டர் வழியாக இணைக்காமல் நேராக மெயின் லைனில் இணைக்கச் சொல்லுங்கள். 5 கிலோவாட் இன்வெர்ட்டரில் 7 கிலோவாட் சார்ஜரைத் தொங்கவிட்டு, முதல் இரவே வீடு இருண்டுபோனவர்களை எனக்குத் தெரியும்.

டீலரின் மின்னஞ்சல், காப்பீட்டாரின் பதில், ரீகால் முடித்த காகிதம், விற்பவரின் 'இல்லை' ஆகிய நான்கையும் அச்சிட்டு ஒரு கோப்பில் போட்டு வீட்டில் வையுங்கள். நாளைக்கு நீங்கள் இந்தக் காரை விற்கும்போது வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்விக்கு அந்தக் கோப்பை எடுத்து நீட்டலாம்.